தோல் இருக்கை

ஓக்லஹோமா கோதுமைக் கிடங்கில் முப்பது வருடம் லாரிகளுக்கு எடை போட்டவர் கார்லண்ட். ஒரு பவுண்டு கூடினாலும் விடமாட்டார். ஆனால் பக்கத்து வீட்டுத் தனிக்கட்டை டெல்பர்ட், தன் பயண வீட்டு வண்டியை இழுக்கப் புது பிக்கப் வாங்கியதிலிருந்து அவருக்கு வயிறு எரிந்தது. அது துணி இருக்கை போட்ட சாதா வண்டி. இவரும் தன் பயண வீட்டு வண்டியை இழுக்க, வீம்புக்குத் தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை எல்லாம் வைத்த பிக்கப்பாக வாங்கினார். கதவோரம் ஒட்டியிருந்த சுமை அளவுச் சீட்டைப் படிக்கவே இல்லை.

இரண்டு வண்டிகளும் ஏரிக்குக் கிளம்பிய அன்று, வழியில் இருந்த எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோது குட்டு உடைந்தது. கார்லண்டின் பிக்கப்பில், அது தாங்கும் அளவைவிட நூற்றைம்பது பவுண்டு அதிகம்.

டெல்பர்ட் கதவோரச் சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தான். "சொகுசு எல்லாமே பாரந்தாம்ப்பா. என்னோடது இன்னும் தாங்கும்."

"உன்னை யாரு கேட்டா?"

கார்லண்டின் மனைவி நோரீன் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "நான் அதுல வரேன். சரியாப் போச்சா?"

டெல்பர்ட்டின் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தவள் ஜன்னல் வழியே கத்தினாள். "கார்லண்ட், இந்தத் துணி சீட் என்ன மெத்துன்னு இருக்கு தெரியுமா!"

அவர் மறுபடி வண்டியை மேடையில் ஏற்றினார். எடை கச்சிதமாக இருந்தது. கச்சிதமான எடையைப் பார்த்து அவர் பல்லைக் கடித்தது அதுதான் முதல் தடவை.