மனுவில் தடவிய மஞ்சள்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்களில் நான் ஆராய்ச்சி மாணவன். கல்வராயன் மலைப் பாறையில் என்னென்ன தாதுக்கள் இருக்கின்றன என்று பார்க்க எனக்கு ஓர் எக்ஸ்ரே இயந்திரம் தேவைப்பட்டது. பல பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாக, அது ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தது. அதில் இரண்டு நாள் வேண்டுமென்றால் ஆறு பக்க மனுப் போடவேண்டும்.

எங்கள் ஊரான வடக்கனந்தலில், வீட்டில் அதை எழுதி முடித்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால், முதல் பக்கத்தின் நாலு மூலையிலும் அம்மா மஞ்சள் தடவியிருந்தாள்.

“இது இன்னா கல்யாணப் பத்திரிகையா?” என்று கத்தினேன்.

“நல்ல காரியத்துக்குப் போவுது. வெறுங்காயிதமாவா அனுப்புவ?”

வேறு படிவம் இல்லை. அன்றே தபாலில் சேர்க்கவேண்டும். பஸ்ஸும் ஓடவில்லை. கள்ளக்குறிச்சி சாலையில் மறியலுக்காகப் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். மனு என்றதும், அங்கே நின்றவர்கள் என் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். “நாங்களும் கேட்டுக்கினுதான் கீறோம், போங்க” என்றார் ஒருவர்.

மூன்று வாரத்தில் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. ‘மனுவில் ஒட்டியுள்ள மஞ்சள் தூள் என்ன? ஆபத்தானதா?’ ‘சமையல் மஞ்சள், அம்மா வைத்தது, மன்னிக்கவும்’ என்று பதில் போட்டேன். அம்மாவிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டு நாள் கிடைத்தது. கற்பொடியோடு பயந்து பயந்து உள்ளே போனேன். ஆயுத பூஜை முடிந்த வாரம். இயந்திரத்தின் கதவில் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், குங்குமம்.

“மெதுவாத் திறங்க, பொட்டு அழிஞ்சிடப் போவுது” என்றார் இயந்திரப் பொறுப்பாளர், எனக்கு அந்தக் கடிதத்தை எழுதியவர்.