அண்ணனுக்கு விட்ட இடைவெளி

1976 மார்ச் 4: 20 ராண்ட்.
1977 ஜூலை 19: 15 ராண்ட்.
1978 மே 2: 5 ராண்ட்.

ஜோகன்னஸ்பர்க் சுரங்கத்திலிருந்து அண்ணன் சிமுகாய் அனுப்பியவை இவை. தம்பி முசெகிவாவுக்கு வேண்டியது பணமல்ல, அண்ணன். கட்டைவிரல்களால் இரும்புப் பட்டைகளை மீட்டும் ம்பிராவில் அண்ணன் பாட்டைத் தொடங்க, அந்த ஒலிகளின் இடைவெளியில் தோன்றியதையெல்லாம் வாசித்துத்தான் இவன் இசை கற்றான். தொடங்க மட்டும் தெரியாது. அண்ணன் போன பிறகு விரல் அசையவே இல்லை.

"யாராச்சும் பேச்சு கொடுத்தாத்தான் வாயத் தொறப்பீங்க. விரலும் அப்படித்தானா?" என்று மனைவி ரவிரோ சீண்டுவாள்.

"அண்ணன் வரட்டும்டி."

கடைசிக் கடிதம் வேறொருவர் கையெழுத்தில் வந்தது. சுரங்கம் சரிந்துவிட்டது, சிமுகாய் இல்லை. அன்று மாலை முசெகிவா ம்பிராவை எடுத்து, அண்ணனின் ஒலிகளுக்கு இடம் விட்டுவிட்டுத் தன் பங்கை மட்டும் வாசித்தான்.

கடிதம் வந்த தேதி 1979 ஆகஸ்ட் 11.