எதிர்க்கடை லினக்ஸ்

"பதிமூணு... பதினாலு... பதினஞ்சு... பதினாறு. தொறந்துட்டா பாருங்க!"

பென்ஷன் வாங்கும் நான் இன்னும் உயிரோடிருப்பதை அரசாங்கத்துக்குத் தெரிவிக்க ரேகைக் கருவியின் மேல் என் கட்டைவிரலை அழுத்திப் பிடித்தபடி ஜாய்சன் எண்ணிக்கொண்டிருந்தார். என் உயிர் அவருக்கு இரண்டாம் பட்சம். எதிர்க்கடை லீனா தன் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தியதிலிருந்து திரை விரிகிறவரை எத்தனை விநாடி என்பதுதான் தினமும் காலை அவருக்கு முதல் கணக்கு.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் கோழிக்கடைக்கும் சர்ச் சுவருக்கும் நடுவே, ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் இடத்தில் அவர் கடை. கல்யாணப் பத்திரிகை, கறுப்புப் பட்டை போட்ட நினைவு அட்டை, ஞானஸ்நான அழைப்பு என்று இருபத்திரண்டு வருஷமாகத் தட்டச்சு செய்கிறார். மேசை விளிம்பில் பழைய ஸ்கூட்டர் ஒன்றின் பக்கக் கண்ணாடியைத் திருகி வைத்திருக்கிறார். எதற்கு என்றால், "கஸ்டமர் வண்டிய டோயிங்காரன் தூக்கினு போயிடுவான் டீச்சர், அதுக்கு" என்பார். டோயிங் லாரி அந்தச் சந்துக்குள் வரவேண்டுமானால் இரண்டு வீட்டை இடித்துக்கொண்டுதான் வரவேண்டும். கண்ணாடி எப்போதும் பார்ப்பது லீனாவின் திரையை.

அவருடைய பெட்டி எழுந்திருப்பது தனிக்கதை. ஒருநாள் அவர் பொத்தானை அழுத்தினார். நான் வீட்டுக்குப் போய்ப் புளி ஊறவைத்து, ரசம் வைத்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டுத் திரும்பினேன். திரையில் "நல்வரவு" மட்டும் வந்திருந்தது. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். தூக்கம் மட்டும் பொய்.

போன வருஷத்திலிருந்து இன்னொரு தொல்லை. இந்த விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு வராது, புது விண்டோஸ் இந்தப் பெட்டியில் உட்காராது என்று திரை அடிக்கடி அறிவித்தது. "பொட்டி கெழம்னு சொல்லுது டீச்சர். என்னியும் சேத்துதான் சொல்லுதோ இன்னாவோ." விண்டோஸுக்குப் பதிலாக, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸைப் போட்டால் இதே பெட்டி துள்ளிக்கொண்டு ஓடும் என்று அவர் தங்கை மகன் தினேஷ் அதை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தான். அது மேசை இழுப்பறையில், மாத்திரை அட்டைகளின் அடியில் கிடந்தது.

"போட்டுடுங்களேன்" என்றேன்.

"போடறதுக்கு இன்னா? அவ மாறறதுக்கு முன்னாடியே மாறிடணும்னுதான் இருந்தேன். இப்ப மாறினா அவளப் பாத்து மாறினேன்னு ஆயிடாதா?"

அவ என்றால் லீனா. முப்பத்தாறு வயது. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கடையின் இரண்டு கம்ப்யூட்டரையும் லினக்ஸுக்கு மாற்றிவிட்டாள். அவள் திரையில் ஒரு சன்னலைப் பிடித்து இழுத்தால் அது கோதுமை அல்வா மாதிரி ஆடிக்கொண்டே நகரும். ஒரே பக்கத்தில் தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றையும் அடிப்பாள். "அங்க ஃபேன்கூட சத்தம் போடாது டீச்சர்" என்று சொல்லும்போது ஜாய்சனின் மூக்கு சிவக்கும். அதைவிடப் பெரிய குற்றம், அவள் அவரை அங்கிள் என்று கூப்பிடுவது. "அவ அங்கிள்னு சொல்றப்பல்லாம் எனக்கு ரெண்டு பாயிண்ட் சைஸ் கொறைஞ்சிடுது."

மாறாமல் இருக்க உண்மையான காரணமும் ஒன்று இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பக்கத்து சர்ச்சுக்கு ஞாயிறு ஆராதனை முறைமையை, அதாவது அன்றைக்கு யார் ஜெபிப்பது, என்ன பாட்டு என்கிற வரிசையை, நாலு பக்கத்தில் அடித்துக் கொடுப்பது அவர்தான். இருபத்திரண்டு வருஷத்து முறைமையும் யூனிகோடு வருவதற்கு முந்தைய பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் தமிழெல்லாம் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாகச் சிதறிவிடும். போன மாதம் புதிதாக வந்த பாஸ்டர் முறைமையை வாட்ஸாப்பிலும் போடச் சொன்னார். ஜாய்சன் அப்படியே எடுத்து ஒட்டி அனுப்பிவிட்டார். அதைத் திறந்த ஒரு அம்மாள், ஆண்டவர் தமக்கு அந்நிய பாஷையில் செய்தி அனுப்பியிருக்கிறார் என்று முழங்கால் போட்டுவிட்டாராம். மூன்று தெருவுக்கு அல்லேலூயா கேட்டதாகக் கோழிக்கடை கோவிந்தன் சத்தியம் செய்கிறார்.

பாஸ்டர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "பிரதர், போன்ல படிக்கிற மாதிரி செய்ங்க. கஷ்டம்னா சொல்லுங்க, லீனா சிஸ்டர்கிட்ட கேக்கறேன்."

அன்றிலிருந்து ஜாய்சனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாறினால் இருபத்திரண்டு வருஷமும் அரைப்புள்ளியாகிவிடும். மாறாவிட்டால் முறைமை எதிர்க்கடைக்குப் போய்விடும்.

நாலு நாள் யோசித்தார். ஐந்தாம் நாள் முறைமை ஏற்றிய ஒரு பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் பின்னாலேயே போனேன்.

"வாங்க அங்கிள்! இன்னா விசேஷம், ரோடெல்லாம் க்ராஸ் பண்ணி வந்துட்டீங்க?"

"சும்னே வந்தேம்மா. உன் லினக்ஸு தமிழ் படிக்குமான்னு பாக்கலாம்னு."

அந்த வார முறைமையை லீனா திறந்தாள். திரை முழுக்க அரைப்புள்ளி. ஜாய்சன் முகத்தில் நூறு வாட்ஸ் பல்பு எரிந்தது. வாசலுக்கு ஓடி, "கோவிந்தா! வந்து பாரு! இதுக்குத் தமிழே வராது! இத்த வெச்சினுதான் இவ்ளோ பந்தா!" என்று கத்தினார். கோவிந்தன் கத்தியும் கையுமாக வந்து நின்றார்.

லீனா இரண்டு கையையும் மேசைமேல் வைத்தாள். கண் அந்த அலங்கோலத்தின்மேல் ஓட, விரல்கள் டைப் அடிப்பதுபோல் வெறும் பலகையில் தட்ட, வாய் மெதுவாகப் படிக்க ஆரம்பித்தது.

"ஆரம்ப ஜெபம், மாதர் சங்கம்... காணிக்கை எடுப்போர், வாலிபர் சங்கம்... பீடத்துப் பூ அலங்காரம், ராஜலக்ஷ்மி தேவதாஸ் குடும்பத்தார்." நிமிர்ந்தாள். "அங்கிள், போன வாரமும் பூ அவங்கதானே? பழசையே விட்டுட்டீங்க."

ஜாய்சனின் பல்பு அணைந்தது. அந்த அரைப்புள்ளிகளை வெறும் கண்ணால் படிக்கத் தெரிந்தவர் பெங்களூரிலேயே தான் ஒருவர்தான் என்பது அவருடைய ரகசியப் பெருமை.

"உனக்கு எப்டி...?"

"சிவாஜிநகர்ல ஒம்போது வருஷம் பத்திரிகை அடிச்சேன் அங்கிள். இதே ஃபாண்ட். கை மறக்குமா? ஃபாண்டைப் போட்டா இங்க தெரியும். ஆனா போன்ல திருப்பியும் இதே கூத்துதான். என் பழைய ஃபைல் எல்லாத்தையும் ஒரு கன்வெர்ட்டர் போட்டு, போன்லயும் தெரியற எழுத்தா மாத்தினேன். அந்த கன்வெர்ட்டர காப்பி பண்ணித் தரேன், எடுத்துனு போங்க."

"எனக்கு எதுக்குத் தர்ற? முறைமை உனக்குத்தானே வரப்போவுது."

"பாஸ்டர் நேத்தே கேட்டாரு. வேணாம்னுட்டேன். சனிக்கிழமையானா ஈஜிபுராவுல மாமியார் வீட்டுக்குப் போவணும். நாலு பக்கத்துக்கு யாரு உக்காருவா?"

நியாயமாக அவர் சந்தோஷத்தில் குதித்திருக்கவேண்டும். திரும்பி வரும்போது தெருவின் நடுவில் நின்றுவிட்டார். ஆட்டோ ஒன்று அலறியது.

"வேணாம்னு சொல்லிட்டாளாம் டீச்சர்! பாஸ்டர்கிட்டயே! எவ்ளோ தில்லு பாருங்க! இருபத்திரண்டு வருஷத்துல, காய்ச்சல் வந்த அன்னிக்காவது, நான் ஒருநாள் வேணாம்னு சொல்லியிருக்கேனா?"

போன வாரம் ஒரு நகல் எடுக்கப் போனேன். பெட்டிக்கு லினக்ஸ் வந்துவிட்டிருந்தது. பழைய முறைமையெல்லாம் தமிழாகவே திறந்தது, போனிலும். "ரெண்டு வருஷமா யோசிச்சினு இருந்ததுதான் டீச்சர். யாரையும் பாத்து இல்ல." பொத்தானை அழுத்தி எண்ணினார். பதினெட்டு.

"அவளுது பதினாறு" என்று முணுமுணுத்தார். ஒரு சன்னலைப் பிடித்து இழுத்தார். அது அல்வா மாதிரி ஆடியது. எதிர்க்கடையை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் திரையின் இரண்டு காதையும் பிடித்து, தெருவிலிருந்து தெரியும்படி ஒரு சாண் வெளிப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, லீனாவின் முகம் விழுகிற மாதிரி ஸ்கூட்டர் கண்ணாடியைக் கொஞ்சம் மேலே நிமிர்த்தினார்.