ஆறிய அடுப்பின் முதல் முறை

உங்கள் ஊரின் கடைசி வீட்டில் யார் குடியிருந்தார்கள், அந்த வீடு ஏன் அங்கே கட்டப்பட்டது என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா?

ஹாஸல்க்ருண்ட் என்ற கிராமத்தில் யாரும் கேட்டதில்லை. இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஒரு பள்ளம், ஏழு பண்ணைகள், அங்கேயே வந்து முடிந்துபோகும் ஒரு சாலை. அவ்வளவுதான் ஊர். வெயில் படும் மேட்டில் பண்ணைகள் இருந்தன. அவற்றின் சாணக்குழிகளிலிருந்து வழிந்த நீர் ஓடையோடு கலந்து இறங்கித் தேங்கும் இடத்தில் மேய்ப்பன் வீடு இருந்தது. நவம்பரில் போன வெயில் பிப்ரவரியில்தான் அந்தக் கூரைக்குத் திரும்பும். கடவுள் வகுத்த வரிசை என்றார் பாதிரியார். கடவுளுக்கு நில அளவை வேலையை யார் கொடுத்தது? ஏழு பண்ணைக்காரர்கள் பீர் குடித்துக்கொண்டே காட்டிய இடம் அது.

ஒட்டிலி அந்த வீட்டில் 1940-ல் பிறந்தாள். அப்பா யாகோப் ஊர் மாடுகளை மேய்த்தார். கூலியில் பாதி சாப்பாடாக வந்தது: இன்று ஒரு பண்ணை, நாளை அடுத்த பண்ணை. எங்கேயும் மேசையில் இடமில்லை, கதவோரப் பெஞ்சுதான். ஊர்க்கூட்டத்தில் அவருக்கு ஓட்டும் கிடையாது.

ஊருக்குப் பொதுவாக ஒரு கல் அடுப்பு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதில் ரொட்டி சுடுவார்கள். யாருக்கு எந்த முறை என்று ஏழு வீட்டாரும் தொப்பியில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். மேய்ப்பன் வீட்டுக்கு மட்டும் சீட்டு இல்லை. எப்போதும் முதல் முறை அவர்களுக்குத்தான். கேட்பதற்கு மரியாதை மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஆறிக் கிடந்த கல்லை முதலில் சூடேற்றுகிறவனுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு விறகு வேண்டும். காடு பண்ணைக்காரர்களுடையது. யாகோபுக்கு உதிர்ந்த சுள்ளியைப் பொறுக்க மட்டும் அனுமதி. காடில்லாதவன் மூட்டிய சூட்டில் காட்டுக்காரர்கள் ரொட்டி சுட்டார்கள்.

சுள்ளி போதாத நாட்களில் ஒட்டிலி வீட்டு ரொட்டி வெளியே கருகி உள்ளே பிசுபிசுக்கும். "ஏய் களிமண்ணு! இன்னைக்கும் சேறுதான் கொண்டாந்தியா?" என்று பள்ளிக்கூடத்தில் கத்துவார்கள். அவள் ஓரத்தை மட்டும் எல்லோரும் பார்க்கக் கடித்துவிட்டு நடுப்பகுதியைப் பாவாடைப் பைக்குள் திணித்துக்கொள்வாள்.

வளர்ந்ததும் நகரத்துக்கு வேலைக்கு ஓடினாள். ரயில்வேக்காரர் எவால்டைக் கட்டிக்கொண்டபோது "எங்கப்பா விவசாயி" என்றாள். மகள் உர்சலுக்கும் அதையே சொன்னாள். அப்பாவின் கல்லறையில் எல்லோருக்கும் செய்வதுபோலத் தொழிலையும் பொறிக்கலாமா என்று கல்தச்சர் கேட்டதற்கு, பெயர் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டாள்.

பிறகு ஏன் அதே ஊருக்குத் திரும்பினாள்? மேட்டில், வெயில் படும் இடத்தில், ஒரு மனை விலைக்கு வந்தது. அதற்காகத்தான். மேய்ப்பன் வீட்டை அதற்குள் இடித்துவிட்டிருந்தார்கள். விஷயம் தெரிந்த பழையவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். ஒவ்வொரு சவ அடக்கத்திலும் நிம்மதியாக மூச்சுவிட்டாள். அப்படி விட்டதற்காகவும் கூசினாள்.

போன ஆண்டு ஊருக்கு அறுநூற்றைம்பதாவது ஆண்டு விழா. ஊர்ப் பிரதிநிதி லென்ஹார்ட், பெரிய பண்ணையின் இன்றைய சொந்தக்காரர், அடுப்பின் பக்கத்தில் வரலாற்றுப் பலகையைத் திறந்து வைத்து உரக்க வாசித்தார்: "ஏழை மேய்ப்பனுக்கே அடுப்பின் முதல் முறையை விட்டுக்கொடுத்த பெருந்தன்மை நம் முன்னோருடையது."

எல்லோரும் கைதட்டினார்கள். "எவ்ளோ நல்ல மனுஷங்கம்மா!" என்று உர்சல் கண்கலங்கினாள்.

ஒட்டிலியும் கைதட்டினாள். தன் இரண்டு கைகளும் மடிக்கு மேலே தட்டுவதை யாரோ தட்டுவதுபோலப் பார்த்தாள். காது மடல்வரை சூடேறியது. ஏறக்குறைய எண்பது ஆண்டுகளாக அந்த வீட்டை நினைத்து வெட்கப்பட்டவளுக்கு, இப்போது அந்தக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

விழாவுக்காகப் பழைய அடுப்பில் ரொட்டி சுடுவதாக ஏற்பாடு. லென்ஹார்ட் தொப்பியோடு வந்தார்.

"ஒட்டிலி, ஊர்லயே மூத்தவங்க நீங்கதான். உங்களுக்குச் சீட்டெல்லாம் கிடையாது. அன்னைக்கு மேய்ப்பன் வீட்டுக்குக் குடுத்த அதே மரியாத இன்னைக்கு உங்களுக்கு! மொதல் முறை உங்களோடது."

"வேணாம். என் பேரையும் தொப்பியில போடு."

"அட, பிகு பண்ணாதீங்க! சும்மா கெடைக்கிற மரியாதய யாராச்சும் தள்ளுவாங்களா?"

"சும்மாவா? எங்கப்பா அந்த மரியாதய முப்பது வருஷம் முதுகுல சுமந்தாரு, லென்ஹார்ட். சுள்ளி சுள்ளியா. அதுல உங்க தாத்தா வீட்டு ரொட்டி நல்லா வெந்துச்சு. எங்களோடது வேகல."

பீர் மேசைப் பக்கம் தலைகள் திரும்பின.

"தாத்தா விவசாயின்னுதானம்மா சொன்ன?" என்றாள் உர்சல்.

"பொய் சொன்னேன். மாடு மேய்ச்சாரு. அந்தா, கீழ, கார் நிறுத்தியிருக்கீங்கல்ல, அங்கதான் எங்க வீடு." மகள் முன்னால் இரண்டு கைகளையும் விரித்தாள். "இப்பக்கூட கைதட்டுனேன், பாத்தியா?"

லென்ஹார்ட் தொப்பியைத் திருகினார். "எங்கப்பா சொன்னதத்தான் எழுதுனேன்."

"தெரியும். எங்கப்பாகிட்ட யாரும் கேக்கலியே."

"லென்ஹார்ட், ஒரு போர்வை கொண்டாய்யா, பலகைய மூடிருவோம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இரண்டு பேர் சிரித்துவிட்டு உடனே கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

சீட்டுப் போட்டார்கள். முதல் முறை லென்ஹார்டுக்கே விழுந்தது. கொண்டுவந்த விறகு போதாமல் டிராக்டரை எடுத்துக்கொண்டு மறுபடி வீட்டுக்குப் போனார். ஒட்டிலிக்கு ஐந்தாவது முறை. அடுப்பு அப்போது நன்றாகக் காய்ந்திருந்தது. ரொட்டியை அறுத்தபோது நடுவரைக்கும் வெந்திருந்தது. உர்சல் நடுத்துண்டை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். ஒட்டிலி அதைக் கையிலேயே வைத்திருந்தாள். பெயர் மட்டும் உள்ள அந்தக் கல்லறைக் கல்தான் நினைவில் நின்றது.

மறுவாரம் கல்தச்சரை வரச்சொன்னாள். யாகோபின் பெயருக்குக் கீழே இப்போது 'மேய்ப்பர்' என்று இருக்கிறது. பலகையில் அந்த வரி மட்டும் அப்படியே இருக்கிறது. விழாக் குழு கூடிப் பேசும் என்கிறார் லென்ஹார்ட்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பலகையோ கல்வெட்டோ இருக்கும். முன்னோர் எதையோ விட்டுக்கொடுத்ததாக எழுதியிருக்கும் வரிக்கு முன்னால் போய் நில்லுங்கள். அங்கே எரிந்தது யாருடைய விறகு என்று உரக்கக் கேளுங்கள். பதில் வரும்வரை கைதட்டாதீர்கள்.