விட்டுக்கொடுக்கிற பசை

வயலின் பட்டறையில் அவருக்குப் பசைக்காரர் என்றுதான் பெயர். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா கிடந்தது. முப்பத்தோரு வருடங்களாக மாட்டுத்தோலிலிருந்து எடுக்கும் பசையைக் காய்ச்சி, வயலின் உடம்பை ஒட்டி, கவ்வி மாட்டி இறுக்குவதுதான் வேலை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பார். வீட்டில் பேச்செல்லாம் மனைவியுடையது. அதிலும் பாதி பசை நாற்றத்தைப் பற்றி. "முதல்ல கையக் கழுவிட்டு வாங்க" என்பதுதான் தினமும் மாலையில் அவருக்குக் கிடைக்கும் வரவேற்பு.

அருங்காட்சியகத்தில் வயலின் செய்யும் கலைக்கென்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். கடைசி நாள் மாலையில் கச்சேரி. வாசிக்கப்போவது அவருடைய பட்டறை வயலின். அன்று காலையிலேயே மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். எதற்கென்று சொல்லவில்லை, போட்டிருந்த புதுச் சட்டையே சொல்லிவிட்டது. இத்தனை வருடம் தான் என்ன செய்தோம் என்பதை அவள் ஒரு தடவை பார்க்க வேண்டும். மனிதருக்கு வேறு ஆசை இல்லை.

அந்த ஆசையில்தான் மண் விழுந்தது. கண்காட்சிப் பொறுப்பாளரான அம்மாள் வயலினைக் காட்சிப் பெட்டியிலிருந்து எடுத்தார். ஓரத்தில் மேல்பலகை நகம் நுழையும் அளவுக்கு விலகியிருந்தது.

"யாரு ஒட்டினது இத? சாயங்காலம் கச்சேரிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மனைவி புருஷனைப் பார்த்தாள். அவருக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டன.

வயலினை வாங்கி, விரலை மடக்கி ஓரமெல்லாம் தட்டிப் பார்த்தார். பலகையைத் திருப்பித் திருப்பித் தடவினார். மரத்தில் ஒரு விரிசல்கூட இல்லை. அப்போதுதான் முகம் தெளிந்தது.

"நாந்தான் மேடம் ஒட்டினேன். மேல்பலகைக்கு மட்டும் பசையத் தண்ணியாத்தான் போடுவோம். ரெண்டு நாளா விளக்குச் சூட்டுல மரம் சுருங்கியிருக்கு. பசை விட்டுக்கொடுக்கலன்னா மரம் பொளந்திருக்கும். பசை விட்டா மறுபடி ஒட்டிக்கலாம், மரம் பொளந்தா என்ன பண்றது? சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடலாம்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் இவ்வளவு பேசி மனைவி கேட்டதில்லை.

எங்கே போனாலும் பையில் பசைத்தூள் டப்பா இருக்கும். அதற்கும் வீட்டில் திட்டு வாங்கியவர்தான். காவலாளியின் கெட்டிலிலிருந்து வெந்நீர் வந்தது. கவ்விகளுக்கு எங்கே போவது? பழைய கருவிகள் என்று காட்சிக்கு வைத்திருந்தவற்றையே பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

"ஆடாம புடி" என்று வயலினை மனைவி கையில் கொடுத்தார். பசைக் கிண்ணம் அவள் மூக்குக்கு நேராக ஆவி விட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு பிடித்தாள். மெல்லிய கத்தியால் இடுக்கில் பசையைச் செலுத்தி, கவ்விகளை ஒவ்வொன்றாக, குழந்தைக்குப் பொத்தான் போடுவதுபோல அவர் முடுக்குவதை இமைக்காமல் பார்த்தாள்.

"இதுக்குத்தான் தினமும் அவ்வளவு நாத்தமா?"

"ம்."

மாலை வரை இருவரும் அந்த வயலினுக்குக் காவல் இருந்தார்கள். கவ்விகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, காய்ந்த கிண்ணத்தையும் தூரிகையையும் வெந்நீரில் அலசி முடிப்பதற்குள் உள்ளே சுருதி சேர்க்கும் சத்தம் கேட்டது. கையெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. பழக்கதோஷத்தில் குழாயைத் தேடினார்.

"எங்க போறீங்க?"

"கையக் கழுவிட்டு..."

"பரவால்ல, வாங்க. ஆரம்பிச்சுட்டாங்க."

வயலின் ஒலிக்கத் தொடங்கியது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. இருட்டில் அவள் அவர் கையை எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். கைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டன. லேசாக இழுத்தால் விட்டுவிடுகிற பசைதான். கச்சேரி முடியும்வரை அவள் இழுக்கவில்லை.