படுக்கைப் பைக்குள் அத்தான்

கனடாவிலிருந்து தை மாதம் அக்காவோடு வந்திருந்த அத்தான், மணற்காட்டுக் கடற்கரையில் ஓரிரவு 'காம்ப்' அடிக்கப்போவதாக அறிவித்ததும் அம்மா கலங்கிப்போனா.

"ஆமிக் காம்ப்போ, அகதிக் காம்ப்போ?"

அவவுக்குத் தெரிந்தவை அந்த இரண்டுந்தான். இடம்பெயர்ந்த காலத்தில் பள்ளிக்கூட விறாந்தையில் சாக்கு விரித்துப் படுத்தவ. கோப்பாய் வீட்டில் அத்தானுக்கென்றே ஏசி பூட்டிய அறை இருக்க, ஒரு மனுசன் விரும்பிப்போய் மண்ணில் படுப்பதை அவவால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

துணைக்கு என்னை அனுப்பினார்கள். கூடாரம் அடித்து முடித்ததும் அத்தான் தன்னுடைய படுக்கைப் பையை எடுத்து உதறினார். உறைபனியில் படுப்பதற்கென்று செய்தது. உள்ளே வாத்து இறகு, தலைவரை சிப். நான் கொண்டுபோனது ஒரு பழைய போர்வை.

"உடம்புச் சூட்டை வெளியில விடக்கூடாது. அதுதான் ரகசியம், விளங்குதே?" என்றபடி கம்பளித் தொப்பியும் தடித்த காலுறையும் மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார்.

சூடு வெளியே போகவேயில்லை. சற்று நேரத்தில் மனுசன் அவியத் தொடங்கினார். சிப்பைத் திறந்தால் நுளம்புக்கடி, மூடினால் வேர்வை. காற்றுப்படப் பையோடு வெளியே மணலில் போய்ப் படுத்தவர், நுளம்புக்குப் பயந்து மூக்குவரை இழுத்து மூட, சிப் துணியைக் கவ்விக்கொண்டது. நானும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

"விடும், விடியட்டும்" என்றார் பைக்குள்ளிருந்து.

விடிய, வலை இழுக்க வந்த ஒருவர் தூரத்திலேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டார். "ஆரோ செத்துக் கிடக்கு!" எங்கள் கரையில் பைக்குள் கிடக்கும் ஆளை வேறெப்படி நினைப்பார்கள்? அப்போது பை நெளிந்து, "ஹெல்ப்!" என்றது.

"உயிரோடையோ?"

"ஓம் அண்ணை. கனடாவில இருந்து வந்தவர்."

"அப்ப சரி" என்று, வேறெதுவும் கேட்காமல் வலை வெட்டும் கத்தியால் துணியைக் கிழித்தார். கடற்கரையெங்கும் இறகு பறந்தது. வேர்வையில் தோய்ந்துபோய் எழும்பிய அத்தானைக் கடற்காற்று ஒரே பிடியாகப் பிடித்தது. பல் கிடுகிடுக்க என் போர்வையைப் பறித்துச் சுற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து காய்ச்சலில் விழுந்தார். அக்கா மல்லித் தண்ணீர் அவித்துக் கொடுத்தா. பார்க்க வந்த சொந்தக்காரரிடம், "கனடாவிலகூட உப்பிடி ஒரு குளிரை நான் காணேல்லை" என்றார்.

ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெரியப்பா அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, எழும்பிப்போய் யன்னலைச் சாத்தினார்.