ஆழ்வார்குறிச்சி வரை காற்று வர வேண்டும்

மே மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, காலை பத்தரை மணி. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியிலிருந்து காரை எடுத்தேன். வேண்டுமென்றேதான் வெயில் ஏறும்வரை காத்திருந்தேன். ஆழ்வார்குறிச்சியில் ஒரு பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். ஏழு மாதப் பிள்ளையைப் பகலில் அதே ஊரிலிருக்கும் என் அக்கா பார்த்துக்கொள்வாள். ஆனால் சாயங்கால வெக்கையில், ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தூரத்தைப் பிள்ளை தாங்குவானா? அதைப் பார்க்கத்தான் இன்றைய ஓட்டம். போன வாரம்தான் வேர்க்குருவும் காய்ச்சலுமாகக் கிடந்தான். "வெக்கை ஆகவே ஆகாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

என் கணவருக்குத் தூத்துக்குடியில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அவருடைய அக்கா, எங்களோடு இருக்கும் மதினி, கோர்ட்டில் குமாஸ்தா. பின்சீட்டில் பிள்ளைக்குப் பக்கத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னைக்குப் பிள்ளைக்கு ஒத்துக்கிடலன்னா வேலைய விட்டுரு, ஜெபா. அடுத்த வருசம் பாப்போம்" என்றார்கள்.

"ஒத்துக்கிடுவான் மதினி."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே அது நிச்சயமில்லை.

மேலப்பாளையம், முன்னீர்பள்ளம் தாண்டும்வரை நன்றாகத்தான் இருந்தது. ஏசியின் குளிரைக் கடைசி அளவுக்குத் திருப்பி, விசிறியை ஒன்றில் வைத்திருந்தேன். மதினியின் உத்தரவு அது. "பச்சப்பிள்ள. காத்தப் பைய வை." எங்கள் வீட்டில் பிள்ளைக்கு எல்லாமே பைய, மெதுவாகத்தான், பேச்சு, தொட்டில், மின்விசிறி எல்லாம்.

சேரன்மகாதேவி நெருங்கும்போது காற்று குறைந்தது. நான்தான் பயந்து கற்பனை செய்கிறேனோ என்று முதலில் நினைத்தேன். காற்று வரும் துவாரத்தில் கையை வைத்தேன். மூச்சு விடுகிற அளவுக்குக்கூட இல்லை. கண்ணாடியில் பார்த்தால் பிள்ளையின் முகம் சிவந்திருந்தது.

"திரும்பிருவோமா?" என்றார்கள் மதினி.

"கொஞ்சம் பொறுங்க."

சாலையோரம் ஒரு மருதமரத்தடியில் நுங்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே நிறுத்தி, பிள்ளையை மதினி நிழலுக்குத் தூக்கிப் போனதும், காரில் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். விசிறியை ஒன்றிலிருந்து நான்குவரை திருப்பினேன். ஒவ்வொரு முறையும் சத்தம் கூடியது. அப்படியானால் மோட்டார் ஓடுகிறது. முகத்துக்கு, காலுக்கு, கண்ணாடிக்கு என்று காற்றை மாற்றிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் அதே சொற்பம்தான். வழியைத் திருப்பிவிடும் தகடு பழுதாகியிருந்தால் ஒரு பக்கமாவது நன்றாக வந்திருக்கும். காற்று அதற்கு முன்பே எங்கோ அடைபடுகிறது. வண்டியை அணைத்தேன்.

பிள்ளை மதினியின் தோளில் இருந்தபடி நுங்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். நாங்கள் ஆளுக்கு இரண்டு சாப்பிட்டு முடிப்பதற்குள் நுங்குக்காரர் கூப்பிட்டார்.

"எக்கா, உங்க காரு ஒண்ணுக்கு இருந்துட்டு நிக்கி, பாருங்க!"

"காலைலருந்து அடக்கி வச்சிருக்கும், அண்ணாச்சி" என்று மதினி சிரித்தார்கள்.

ஏசி காரிலிருந்து தண்ணீர் சொட்டுவது வழக்கம்தான். ஆனால் இது சொட்டு இல்லை, மண்ணில் ஓடியிருந்தது. ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினேன். காற்று சட்டென்று முகத்தில் அடித்தது. அப்போதுதான் பிடிபட்டது. உள்ளே பனிக்கட்டி பிடித்திருக்கிறது. நின்ற நேரத்தில் அது உருகி வழிந்திருக்கிறது. கடுங்குளிரும் மெல்லிய காற்றும் சேர்ந்தால், குளிர்க்குழாயைச் சுற்றிக் கட்டி பிடித்துக் காற்றின் வழியையே அடைத்துவிடும். பைய வைத்ததால் வந்த வினை.

அது மட்டும்தானா? போன மாதமும் இப்படித்தானே வைத்திருந்தோம்? சந்தேகம் விடவில்லை. வண்டியை மறுபடி அணைத்து, டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி, அதன் பின்னாலிருந்த, காற்றை வடிகட்டும் ஃபில்டரை உருவினேன். மடிப்புக்கு மடிப்பு வேப்பம்பூ.

மதினி எட்டிப் பார்த்தார்கள். "வேப்பங்காத்து பிள்ளைக்கு நல்லதுன்னு நான்தான அங்கன நிப்பாட்டச் சொன்னேன்?"

"காத்து நல்லதுதான் மதினி. பூ அது வார வழியில உக்காந்துட்டு."

ஃபில்டரைத் தட்டி உதறி, அம்புக்குறி பார்த்துத் திரும்பப் பொருத்தினேன். சரியான பக்கம்தானா என்று இன்னொரு தடவை உருவிப் பார்த்தேன். சரிதான். குளிரைப் பாதியாகக் குறைத்து, விசிறியை மூன்றில் வைத்தேன்.

"மூஞ்சில அடிக்குமே, ஜெபா!"

துவாரங்களைக் கூரைப் பக்கம் தூக்கிவிட்டேன். மதினி பிள்ளையின் நெற்றிக்கு நேரே கையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். வீரவநல்லூரில் கையை எடுத்தார்கள். கல்லிடைக்குறிச்சியில் பிள்ளை தூங்கினான். நான் மட்டும் விடாமல் துவாரத்தைத் தொட்டுக்கொண்டே ஓட்டினேன். அம்பாசமுத்திரத்தில் முந்நூற்றைம்பது ரூபாய்க்குப் புது ஃபில்டர் வாங்கி மாட்டிக்கொண்டோம். ஆழ்வார்குறிச்சியில் அக்கா வீட்டு வாசலில் நின்றபோது மணி ஒன்று. பிள்ளையின் கழுத்தைத் தொட்டேன். வேர்வை இல்லை.

மாலை நான்கரைக்கு அதே வெக்கையில் திரும்பினோம். காற்று குறையவில்லை. வேப்பமரத்தடியைத் தாண்டி, சுவரோரம் காரை நிறுத்தினேன். மதினி வீட்டுக்குள் போய்ப் பழைய படுதா ஒன்றை எடுத்துவந்து காரின் மேல் விரித்தார்கள்.

திங்கட்கிழமை காலை நானும் பிள்ளையும் மட்டும் கிளம்பினோம். மதினி கோர்ட்டுக்குப் போகும் சேலையோடு வாசலில் நின்று, ஜன்னல் வழியே குனிந்தார்கள்.

"பைய போ, ஜெபா. காத்த மட்டும் பைய வைக்காத."